மலையடிவார மனையும் மழைநீரின் வழியும்

பணி ஓய்வு பெற்ற பின், திருத்தலம் ஒன்றின் அருகே சிறு வீடு கட்டிக்கொண்டு, காலையில் கோபுர தரிசனமும் மாலையில் ஆலய வழிபாடுமாக எஞ்சிய நாள்களைக் கழிக்க வேண்டும் என்பது நம் பெரியோர் பலரின் நெடுநாள் எண்ணம். திருவண்ணாமலை, பழனி, திருத்தணி, சோளிங்கர் என மலையை ஒட்டிய தலங்களில் மனை வாங்குவோர் இன்று மிகுதி. மனை வாங்கியதும் எழும் கேள்விகள் நமக்குப் பழக்கமானவை. தலைவாசல் எத்திசை நோக்க வேண்டும்? மனையடி சாஸ்திரப்படி அறைகளின் அளவு என்ன? வாஸ்து பூஜைக்கு உகந்த நாள் எது? இவற்றைக் கேட்பதில் குறையொன்றும் இல்லை. ஆயினும் மலையடிவாரத்துச் சரிவு மனையில் இவற்றுக்கெல்லாம் முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. மேலிருந்து வரும் மழைநீர் இம்மனைக்குள் எங்கே நுழைகிறது, எவ்வழியே வெளியேறுகிறது?

இக்கேள்வியின் கனத்தை 2024ஆம் ஆண்டு நமக்கு மிகக் கொடுமையாக உணர்த்திச் சென்றது. கார்த்திகை தீபத்துக்குச் சில நாள்களே இருந்த நிலையில், ஃபெஞ்சல் புயலின் பெருமழை அண்ணாமலையின் சரிவுகளைக் கரைத்தது. டிசம்பர் 1ஆம் தேதி வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து வீட்டின்மீது விழுந்ததில், ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் உயிரிழந்தனர். அத்தகைய செங்குத்தான இடங்களில் எந்தப் பொறியியல் திறனும் முழுக் காவல் ஆகாது. அங்கே கட்டாதிருப்பதே காவல். நாம் இங்கே பேசப்போவது அதற்கும் கீழே, தரை மெல்லச் சரிந்து செல்லும் மனைகளைப் பற்றியே. அங்கே உயிருக்கு அச்சம் குறைவு. ஆனால் ஆண்டுதோறும் ஐப்பசி, கார்த்திகையில் கூடத்தில் நீர் புகுவதும், சுவரில் ஓதம் ஏறுவதும், மதில் சாய்வதும், அண்டை வீட்டாரோடு மனவருத்தம் உண்டாவதும் முதுமைக் காலத்தில் சிறிய துன்பங்கள் அல்ல.

ஆலயம் காட்டும் முறை

நீரையும் சரிவையும் அறிந்து கட்டும் கலைக்கு நாம் வெளியே எங்கும் தேடிப் போக வேண்டியதில்லை. அண்ணாமலையார் கோயில் மலையின் கிழக்கு அடிவாரத்தில் உள்ளது. நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே தாழ்கிறது. ராஜகோபுரத்தின் வழியே உள்ளே செல்லச் செல்லத் தளம் உயர்ந்துகொண்டே போவதை நம் கால்களே அறியும். மலையின் ஏற்றத்தை மறுத்து ஒரே மட்டமாக நிரப்பாமல், அந்த ஏற்றத்தையே பிராகாரங்களின் படிநிலையாக்கிக் கொண்டார்கள். மழைநீரைத் தாங்கிக்கொள்ளக் கோயிலுக்குள்ளே சிவகங்கைத் தீர்த்தமும் பிரம்ம தீர்த்தமும் உள்ளன. வெளியே கிரிவலப் பாதையை ஒட்டி இந்திர தீர்த்தம், அக்னி தீர்த்தம் முதலிய குளங்கள் அமைந்துள்ளன. இவற்றைப் புனித நீர்நிலைகளாக மட்டுமே காணும் நாம், மலையிறங்கும் நீருக்கு அவை இடம் தந்து நின்றதையும் காண வேண்டும்.

கருவறையின் அடிப்பகுதியைச் சற்று நின்று பாருங்கள். உபானம், ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை என்று அடுக்கடுக்காக எழும் அதிட்டானம் கண்ணுக்கு அழகு மட்டுமன்று. இறைவன் எழுந்தருளியுள்ள தளத்தை நிலத்தின் ஈரத்திலிருந்து உயர்த்திவைக்கும் மேடை அது. உள்ளே அபிஷேக நீர் தேங்காமல் வடபுறத்துக் கோமுகத்தின் வழியே வெளியேறுகிறது. சோமசூத்திரப் பிரதட்சிணத்தில் அதைத் தாண்டாமல் திரும்புகிறோமே, அந்த இடம்தான். நீர் வெளியேறும் இடம் கட்டுவதற்கு முன்பே முடிவு செய்யப்பட்டுவிட்டது என்பதே இதிலிருந்து நாம் கொள்ள வேண்டியது. தளம் போட்டு முடித்த பின் சுவரில் துளையிட்டுக் குழாய் செருகும் வழக்கம் அந்தச் சிற்பிகளிடம் இல்லை.

வெளியேறும் வழி அடைபட்டால் ஆலயமும் தப்பாது. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் மழையின்போது தில்லை நடராசர் கோயிலின் பிராகாரங்களில் நீர் தேங்கி நின்ற காட்சியை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அக்கோயிலிலிருந்து தில்லைக் காளி கோயில் பக்கமாக நிலத்தடியில் பழைய வடிகால் ஒன்று செல்வதைத் தொல்லியல் ஆய்வாளர்கள் முன்பே கண்டறிந்திருந்தனர். முன்னோர் வகுத்த வழியைப் பின்வந்தோர் பேணாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

சாஸ்திரமும் சரிவும்

வடக்கும் கிழக்கும் தாழ்ந்து, தெற்கும் மேற்கும் உயர்ந்த நிலம் நன்று என்பது வாஸ்து நூல்களின் பொதுக் கருத்து. அண்ணாமலையின் கிழக்கே மனை வாங்கியோருக்கு இது தானாகவே அமைந்துவிடுகிறது. மலைக்கு மேற்கே, அடி அண்ணாமலைப் பக்கம் வாங்கியோரின் நிலை என்ன? அங்கே மலை கிழக்கில் உள்ளது. நிலம் மேற்கு நோக்கித் தாழ்கிறது. ‘மேற்கு தாழ்ந்திருக்கிறதே’ என்று அஞ்சி, லாரி லாரியாகக் கிராவல் மண் அடித்து மேற்கை உயர்த்துவோர் பலர். கிழக்கேயிருந்து இறங்கி வரும் மலைநீருக்கு இந்த மண்மேடு ஓர் அணையாகிவிடுகிறது. நீர் வீட்டின் முதுகிலேயே தேங்குகிறது. அல்லது பக்கத்து மனைக்குள் புகுகிறது.

என் கருத்தில், நிலத்தின் இயற்கைச் சரிவைத் தலைகீழாக்குவது சாஸ்திரத்தைக் காப்பதாகாது. வீட்டின் உள்தளம் எப்படியும் ஒரே மட்டமாகத்தான் அமையப்போகிறது. பூஜை அறையை ஈசானியத்தில் வைக்கலாம். தென்மேற்கில் கனமான பொருள்களை வைக்கலாம். வெளித்தரை மட்டும் மலை சொல்லும் வழியில் சாயட்டும்.

வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையில் நிலத்தைச் சோதிக்கும் முறை ஒன்று உண்டு. ஒரு முழ ஆழக் குழி தோண்டி, எடுத்த மண்ணையே மீண்டும் இட வேண்டும். மண் மிஞ்சினால் நிலம் உத்தமம், சரியாக நிரம்பினால் மத்திமம், குறைந்தால் ஆகாது. இன்னொரு முறையில், குழியில் நீர் நிரப்பி நூறு அடி நடந்து திரும்பி வந்து நீர்மட்டத்தைப் பார்க்க வேண்டும். குறையாதிருந்தால் நன்று. ஆக, திசையை மட்டுமன்று, மண்ணின் இறுக்கத்தையும் நீரின் போக்கையும் பார்க்கச் சொன்னவர்கள் நம் முன்னோர். இச்சோதனையை மனையின் மேட்டில் ஒன்றும் பள்ளத்தில் ஒன்றுமாகச் செய்து பாருங்கள். நீர் குறையாமல் நிற்கும் இறுகிய இடம் கடைக்காலுக்கு ஏற்றது. விரைந்து உறிஞ்சும் இடம் மழைநீர் சேகரிப்புக் குழிக்கு ஏற்றது.

இன்னொன்று. சித்திரை வெயிலில் மனையைப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். ஐப்பசியில் ஒரு நல்ல மழை பெய்யும்போது குடையோடு போய் அரை மணி நேரம் நின்று பாருங்கள். கிராம நிர்வாக அலுவலகத்தில் புல வரைபடத்தைப் பார்த்து, மனையின் ஊடாகவோ ஓரமாகவோ ஓடைப் புறம்போக்கு செல்கிறதா என்றும் அறிந்துகொள்ளுங்கள். மழையற்ற ஆண்டுகளில் ஓடை வெறும் புதர்க்காடாகத் தெரியும். விற்பவர் அதைப் பற்றி வாய் திறக்கமாட்டார்.

ஒரு மனையின் கணக்கு

பொதுப்படப் பேசுவதைவிட ஒரு மனையை எடுத்துக்கொண்டு கணக்கிட்டால் தெளிவாகும். மலைக்குக் கிழக்கே ஒரு கிரவுண்டு மனை. தெற்கு வடக்காக 40 அடி, கிழக்கு மேற்காக 60 அடி. சாலை கிழக்கே, மலை மேற்கே. முதல் வேலை சரிவை அளப்பது. கொத்தனார்கள் கையாளும் டியூப் மட்டமே போதும். கண்ணாடிபோல் தெளிவான நீண்ட குழாயில் காற்றுக் குமிழி இன்றி நீர் நிரப்பி, ஒரு முனையை மேற்கு எல்லையிலும் மறு முனையைக் கிழக்கு எல்லையிலும் குச்சியில் கட்டினால், இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அங்கிருந்து தரைவரை உள்ள உயரங்களின் வேறுபாடே சரிவு. நம் மனையில் அது 4 அடி என்று கொள்வோம். அதாவது 15 அடிக்கு ஓரடி.

சாலைப் பக்கம் 10 அடி, பின்பக்கம் 10 அடி விட்டு, 40 அடி நீள வீடு கட்டுகிறோம். வீட்டின் அடியில் மட்டும் தரை 2 அடி 8 அங்குலம் சரிகிறது. பேஸ்மட்டம் என்று கொத்தனார்கள் சொல்லும் தரைமேடை, சுற்றியுள்ள நிலத்தைவிடக் குறைந்தது 45 செ.மீ., அதாவது ஒன்றரை அடி உயர வேண்டும் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பின் நெறி. இதை மேட்டுப் பக்கமாகிய மேற்கில் கடைப்பிடித்தால், கிழக்கு வாசலில் மேடையின் உயரம் 4 அடி 2 அங்குலம் ஆகிவிடும். ஆறு அங்குலப் படிகளாக ஒன்பது படிகள்! எழுபது வயதில், மூட்டு வலியோடு, கையில் பூக்கூடையுடன் நாளும் ஒன்பது படி ஏறி இறங்க யாரால் இயலும்? சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 12 அடிக்கு ஓரடி என்ற அளவில் அமைய வேண்டும். இங்கே அதற்கு 50 அடி நீளம் தேவை. வாசலில் இருப்பதோ 10 அடி.

சரி, மேடையைத் தாழ்த்திவிடலாம் என்றால் மேற்குச் சுவரில் மலைநீர் மோதும். முதியோர் வீட்டின் உண்மையான சிக்கல் இதுதான். நீருக்கு அஞ்சி உயர்த்தினால் கால் தாங்காது. காலுக்கு இரங்கித் தாழ்த்தினால் சுவர் தாங்காது.

இதற்கு வழி உண்டு. வீட்டின் மேற்கே உள்ள தரையை ஒன்றரை அடி வெட்டித் தாழ்த்துங்கள். உள்தளத்தை, வெட்டுவதற்கு முன் அங்கிருந்த இயற்கைத் தரைமட்டத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். இப்போது மேற்கிலும் மேடை ஒன்றரை அடி உயர்ந்தே நிற்கிறது. கிழக்கில் உயரம் 2 அடி 8 அங்குலமாகக் குறைந்து, ஆறு எளிய படிகளோடு முடிகிறது. சாலையைவிட உள்தளம் 3 அடி 4 அங்குலம் மேலே இருக்கும். சாலைகளின்மீது தார் மேல் தார் போட்டு வீடுகளைப் பள்ளத்தில் தள்ளும் வழக்கத்தை எண்ணினால் இந்த உயரம் தேவைதான். பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச்சாலை போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார். ஆனாலும் எல்லாத் தெருவிலும் அது நடக்கும் என்று நம்பி வீடு கட்ட முடியாது.

அந்த ஆறு படிகளும் ஏற இயலாதவருக்கு என்ன செய்வது? இங்கேதான் சரிவு நமக்கு வரமாகிறது. மனையின் வட ஓரமாகச் சாலையிலிருந்து மேற்கு நோக்கி மூன்றடி அகல நடைபாதை ஒன்று அமையுங்கள். நிலத்தின் இயற்கைச் சரிவே 15 அடிக்கு ஓரடி. சாய்தளத்துக்குச் சொன்ன அளவைவிட இது மென்மையானது. ஐம்பது அடி நடந்ததும் பாதை உள்தளத்தின் மட்டத்துக்கே வந்து சேரும். அங்கே ஒரு பக்கவாசல் வைத்தால் ஒரு படியும் இல்லாமல் வீட்டுக்குள் நுழையலாம். பாதையைச் சுவரோடு ஒட்டாமல் இரண்டடி விலக்கி, வாசலருகே மட்டும் சிறு பலகம் போட்டு இணைக்க வேண்டும். அந்த வாசலின் முன் குறுக்காகக் கம்பிவலை மூடிய வடிகாலும், மேலே மழை மறைப்பும், ஒரு பக்கம் உறுதியான கைப்பிடியும் மறக்கக்கூடாதவை. தலைவாசல் கிழக்கிலேயே இருக்கட்டும். கோலமும் விளக்கும் அங்கே. முழங்கால் வலிக்குப் பக்கவாசல்.

சரிவுக்கேற்பக் கூடம் ஒரு மட்டம், படுக்கை அறை இரண்டு படி மேலே என்று உள்ளேயே தளத்தைப் பிரிக்கும் முறையும் உண்டு. வரைபடத்தில் அழகாக இருக்கும். செலவும் குறையும். இரவில் கண் மங்கிய நிலையில் எழுந்து நடப்போருக்கு அது ஆகாது. அப்படித்தான் கட்ட வேண்டும் என்றால், படுக்கை அறை, குளியலறை, பூஜை அறை, சமையலறை நான்கும் ஒரே தளத்தில் அமைய வேண்டும் என்று பொறியாளரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

நீருக்கு வழி

ஒரே நாளில் 10 செ.மீ. மழை பெய்தால் நம் ஒரு கிரவுண்டு மனையின்மீது மட்டும் விழும் நீர் 22,000 லிட்டருக்கு மேல். மேலே உள்ள மனைகளிலிருந்து இறங்கி வருவது தனி. ஆகவே மேற்கு எல்லையை ஒட்டி, ஓரடி அகலமும் ஓரடி ஆழமுமாக ஒரு தடுப்பு வாய்க்கால் வேண்டும். மலைநீர் வீட்டைத் தொடும் முன்பே அதை ஏந்தி, தெற்கு வடக்கு ஓரங்கள் வழியாகக் கிழக்கே சாலை வடிகாலுக்குக் கொண்டுபோவது அதன் பணி. மேற்கு எல்லையில் வாய்க்கால் மட்டமாகக் கிடந்தால் நீர் தேங்கிக் கொசுதான் வளரும். நூறு அடிக்கு ஓரடி என்ற அளவிலாவது நடுவிலிருந்து இரு முனைகளுக்கும் சாய வேண்டும். வீட்டைச் சுற்றிய தரை, சுவரிலிருந்து முதல் பத்தடிக்குள் ஆறு அங்குலம் வெளிநோக்கித் தாழ வேண்டும். இடம் குறைவான பக்கத்தில் சிமெண்டுத் தளம் போட்டு அதே சாய்வைக் கொடுக்கலாம்.

மேற்கே வெட்டிய இடத்தில் எல்லை ஓரமாக இரண்டடிக்குச் சற்று மேற்பட்ட மண்முகம் நிற்கும். அதைத் தாங்குவதற்குக் காம்பவுண்டு சுவர் போதும் என்பார்கள். போதாது. அது காற்றைத் தாங்கக் கட்டுவது. ஈரமண் தள்ளும் விசை வேறு. கருங்கல்லில் அடி அகன்ற தாங்குசுவர் எழுப்பி, அதன் பின்னே ஜல்லி நிரப்பி, அடியோரத்தில் நான்கைந்து அடிக்கு ஒன்றாகக் குழாய்த் துண்டுகள் பதிக்க வேண்டும். பின்னே சேரும் நீர் அவற்றின் வழியே கசிந்து தடுப்பு வாய்க்காலில் விழும். பார்வைக்கு நன்றாக இல்லை என்று அத்துளைகளைப் பூசி மூடிவிடுவோர் உண்டு. சுவர் சாய்வது பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். சரிவு மனையில் அந்தக் குழியைத் தாழ்ந்த பக்கத்தில், கடைக்காலிலிருந்து நன்கு விலக்கி அமைக்க வேண்டும். மேற்கே தாங்குசுவரின் பின்னால் குழி தோண்டினால், நாமே மண்ணை ஊறவைத்துச் சுவரைத் தள்ளியவர்களாவோம். குடிநீர்க் கிணறோ ஆழ்துளைக் கிணறோ கழிவுநீர்த் தொட்டியைவிட மேட்டில், குறைந்தது 50 அடி தள்ளி இருப்பது நலம். ஈசானியத்தில் நீர், வாயு மூலையில் கழிவுத் தொட்டி என்ற வழக்கப்படி வைத்தால், நம் மனையில் கழிவுத் தொட்டி மேட்டிலும் கிணறு பள்ளத்திலும் அமைந்துவிடும். இந்த ஓரிடத்தில் நான் தயங்காமல் தூய நீரின் பக்கமே நிற்பேன். ஈசானியத்தில் கீழ்நிலைத் தொட்டி ஒன்று கட்டி, நன்றாக மூடிவைத்தால் மரபும் நிறைவேறும்.

அண்டை வீட்டாரைப் பற்றியும் ஒரு சொல். மேல் நிலத்தில் விழுந்து இயல்பாகப் பரவி வரும் நீரைக் கீழ் நிலத்துக்காரர் செல்லவிட வேண்டும் என்பது 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்திலேயே உள்ளது. ஆகவே மேல்வீட்டு நீர் நம் மனைக்குள் வருகிறதே என்று மண்கொட்டி மறிப்பது வழக்கில் போய் முடியும். அதேபோல், நம் மாடிநீரையெல்லாம் ஒரே குழாயில் திரட்டிக் கீழ்வீட்டார் சுவரோரம் விடுவது இயல்பான ஓட்டம் ஆகாது. கடைக்கால் தோண்டுமுன் மேல்வீட்டாரையும் கீழ்வீட்டாரையும் ஒரு நாள் காப்பிக்கு அழைத்து, வாய்க்கால் எங்கே வரும் என்று காட்டிவிடுவது நல்லது. மூன்று மனைக்காரரும் சேர்ந்து ஒரே வடிகால் கட்டினால் செலவும் பங்காகும்.

கிழக்கே மேடைக்குள் மண் நிரப்பும்போது அவசரம் கூடாது. முக்கால் அடிக்கு மேற்படாத அடுக்குகளாக இட்டு, ஒவ்வோர் அடுக்கையும் நீர் தெளித்துத் திமிசால் இடித்து இறுக்க வேண்டும். தூண்களின் அடி, நிரப்பிய மண்ணில் நிற்காமல் கீழுள்ள இயற்கையான கெட்டி மண்ணைத் தொட வேண்டும். பஞ்சாங்கங்கள் தரும் வாஸ்து நாள்கள் எட்டில் ஐப்பசி 11, கார்த்திகை 8 ஆகிய இரண்டும் நமது பருவமழைக் காலத்தில் வருகின்றன. அந்நாள்களில் பூஜையை நிறைவேற்றலாம். சரிவு மனையில் மண்ணை மட்டும் அப்போது கிளறாதிருப்பது நன்று. மழைக்கு முன்பே தடுப்பு வாய்க்காலையும் தாங்குசுவரையும் கட்டிவிட்டு, கார்த்திகை முடியும்வரை நீர் எப்படி ஓடுகிறது என்று பார்த்து, வாய்க்காலில் திருத்த வேண்டியதைத் திருத்திக்கொண்டால், தை 12 வாஸ்து நாளில் மண்வெட்டி எடுத்துக் கடைக்காலைத் தொடங்கலாம்.